மாமன் வாடகைக்கு இல்லை

சண்டை போடுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குகிற வசதி எனக்கில்லை. காலையில் சீர்த்தட்டுகளுக்குப் பூ ஒட்டவேண்டும். மத்தியானம், வாடகைக்குப் போன தட்டுகள் திரும்பி வந்தால் அதில் அப்பியிருக்கும் லட்டுத் தூளையும் சந்தனத்தையும் சுரண்டவேண்டும். சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் போட்டோ எடுத்துப் போடவேண்டும். ஆகவே சொந்தக்காரர்களோடு போடவேண்டிய சண்டையை எல்லாம் நான் வாட்ஸப் ஸ்டேட்டஸிலேயே முடித்துக்கொண்டிருந்தேன்.

தொழில் இதுதான். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் சீர் தூக்கிக்கொண்டு போகத் தட்டு வேண்டும். எவர்சில்வர் தட்டில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு போன காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது தட்டுக்கு ஜரிகை வேண்டும், முத்து வேண்டும், நடுவில் ஒரு மயில் வேண்டும். வாழைப்பழத்துக்கு இடமிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட தட்டுகளைத் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே செய்து வாடகைக்கு விடுகிறேன். கடையின் பெயர் ‘எழில் சீர்த்தட்டு’. என் பெயர் தமிழ்ச்செல்வி. எழில் என்பது என் புருஷன் எழிலனின் பாதி.

அவருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. தட்டு வரிசைக்கு முன்னால் ஒரு பெயர்ப்பலகை நிற்கும். ‘தாய்மாமன் சீர், அன்புடன் இன்னார்’ என்று. போர்டு என்போம். கடலூரில் ஒரு அச்சுக் கடையில் ஃப்ளெக்ஸ், பத்திரிகை, போர்டு எல்லாம் செய்கிற ஆள் அவர். என் கஸ்டமர்களுக்கான போர்டுகளை மெல்லிய பலகையில் மிஷின் வைத்து அவர்தான் எழுத்து எழுத்தாக வெட்டிக்கொண்டு வருவார்.

என்னிடம் இருந்தது ஒரே போன், ஒரே நம்பர். ஸ்டேட்டஸில் முதலில் மயில் தட்டு வரும். அதற்கடுத்து என் நாத்தனாருக்கு ஒரு குத்து வரும். அதற்கடுத்து வளைகாப்புத் தட்டு. பார்க்கிறவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

நாத்தனார் அருள்மொழி, எழிலனுக்கு ஒரே தங்கச்சி. குறிஞ்சிப்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். புது வீடு கட்டிக் குடிபோனாள். பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற இடத்தில் அவள் புருஷன் பழனிவேலின் உறவு மொத்தமும் இருந்தது. சிமெண்ட் சப்ளை செய்தவர்கூட இருந்தார். கூடப்பிறந்த அண்ணன் பெயர் இல்லை. பத்திரிகை அடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் அண்ணன் இருக்க, அதை வடலூருக்குப் போய் அடித்துக்கொண்டு வந்திருந்தாள் என்பது அதைவிடப் பெரிய கொடுமை. கேட்டதற்கு, “அவுரு குடுத்த லிஸ்ட்டுண்ணா, வுட்டுப் போச்சு” என்றாள்.

எழிலன் வாய் திறக்காத மனிதர். அன்றைக்கு மட்டும் திறந்தார். “வுட்டுப் போனது வுட்டுப் போனதாவே இருக்கட்டும். இனிமே எனக்குப் போன் பண்ணாத” என்று வைத்துவிட்டார். அப்புறம் மொட்டைமாடிக்குப் போய், காயாத துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் பேச்சை நிறுத்திய இடத்தில் நான் ஆரம்பித்தேன். எரிகிற மெழுகுவர்த்திப் படத்தின் மேல், ‘சிமெண்டுக்கு மரியாதை உண்டு, ரத்தத்துக்கு இல்லை. சிலரைச் சொன்னேன்’ என்று போட்டேன். அருள்மொழி அதற்கு ஒரு இதயம் அனுப்பினாள். மறுநாள் அவள் ஸ்டேட்டஸில், ‘ஊதிப் பெருசாக்குறவங்க பலூன் விக்கப் போகலாம்’ என்று வந்தது. நானும் ஒரு இதயம் அனுப்பினேன். இப்படி மாதக்கணக்கில் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

கெடுத்தது சிதம்பரத்து லலிதாம்பிகை மாமி. கீழ வீதியில் வீடு. மகள் கல்யாணத்துக்குத் தட்டு கேட்டிருந்தார். ஒருநாள் காலையில் பேசி, வாடகையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். நல்ல மனுஷி, நானும் குறைத்தேன். அன்றைக்கு மத்தியானம் அருள்மொழி ஞாபகம் வந்து, ‘வாங்கும்போது நீளுகிற கை, கொடுக்கும்போது சுருங்குவது ஏனோ?’ என்று போட்டுவிட்டுப் பூ ஒட்டப் போய்விட்டேன். சாயங்காலம் மாமியிடமிருந்து போன்.

“ஏம்மா செல்வி, அது எனக்கா?”

“எது மாமி?”

“சுருங்கற கை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ மாமி! அது எங்க நாத்தனாருக்கு.”

“நாத்தனாருக்குன்னா அவளுக்கு மட்டும் போடப்படாதோ? மத்தியானத்துலேர்ந்து நானும் இவரும் காப்பி கூடக் குடிக்காம ஒக்காந்துண்டிருக்கோம். கொறச்சுக் கேட்டது தப்போன்னு. வேற எடத்துல பாத்துக்கலாம்கறார் இவர்.”

மாமியைச் சமாதானப்படுத்திவிட்டு மெசேஜ்களைப் பார்த்தால், இன்னும் நாலைந்து பேர் ‘இது எனக்கா?’ என்று கேட்டிருந்தார்கள். எங்கள் மயிலின் கழுத்தை உடைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பியிருந்த ஒருவர், நான் கேட்காமலே மன்னிப்புக் கேட்டு, வேறு மயில் வாங்கித் தருவதாக எழுதியிருந்தார். கண்டவருக்கெல்லாம் உறைத்தது. உறைக்கவேண்டியவள் மட்டும் வழக்கம்போல இதயம் அனுப்பியிருந்தாள்.

“தொழிலுக்கு ஒரு நம்பர், சண்டைக்கு ஒரு நம்பர்னு பிரிச்சுக்கோடிம்மா” என்று மாமி சொன்னதை எழிலனிடம் சொன்னேன். மறுநாளே புது சிம் வாங்கிவந்துவிட்டார். மாமி சொன்னதற்காக மட்டுமில்லை, என் ஸ்டேட்டஸ்களால் கடையில் அவருடைய முதலாளியே ஒருமுறை ‘இது எனக்கா?’ என்று கேட்டிருக்கிறார்.

பழைய நம்பர் எல்லாப் போர்டுக்குப் பின்னாலும் அச்சாகியிருந்தது. எனவே அது தொழிலுக்கு. புது நம்பர் சொந்தபந்தத்துக்கு. போனில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்தன. எழிலன் உறவுக்காரர்களுக்கெல்லாம் புது நம்பரை அனுப்பினார்.

“அருளுக்கு?” என்றேன்.

அவர் சிம் கார்டு வந்த அட்டையைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கும் அவள்மேல் கோபம் பாக்கியிருந்தது.

தொழில் நம்பருக்கு அவரே ஒரு வரவேற்பு வாசகம் எழுதிவைத்தார். யாராவது புதிதாக மெசேஜ் அனுப்பினாலோ, ரொம்ப நாள் கழித்து அனுப்பினாலோ, நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது தானாகப் போய் நிற்கும்: ‘வணக்கம் மேம்/சார்! எழில் சீர்த்தட்டு உங்களை அன்புடன் வரவேற்கிறது. உங்கள் இல்ல விசேஷத்துக்கு வாழ்த்துகள். வாடகை விவரத்துக்கு 1, போட்டோவுக்கு 2 அனுப்பவும்.’ கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பொம்மை மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

பழைய நம்பரில் நான் வேறு பெண்ணாகிவிட்டேன். காலையில் ரோஜாப்பூ, ‘இனிய காலை வணக்கம் அன்பு வாடிக்கையாளர்களே’. எனக்கே குமட்டியது, ஆனால் ஆர்டர் கூடியது. புது நம்பரில் சுதந்திரமாகச் சண்டை போடலாம் என்று பார்த்தால், அங்கே யார்மேல் போடுவது? பெரியப்பா, சித்தி, என் அக்கா என்று எல்லாம் நல்ல ஜனங்கள். ஒருமுறை குத்திப் பார்த்தேன். எழிலனின் சித்தி போன் செய்து, “ஒடம்பு சரியில்லையா செல்வி?” என்றார்.

அப்படியிருக்க, ஒருநாள் காலை. எழிலன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பசையோடு இருந்த விரலைத் துடைத்துவிட்டுத் தொழில் நம்பரைத் திறந்தேன். மேலே ‘அருள் நாத்தனார்’ என்று இருந்தது. முந்தின நாள் வந்த முதல் மெசேஜை அவளே அழித்திருந்தாள். அதற்குக் கீழே எங்கள் வரவேற்பு, வாழ்த்து, 1, 2 எல்லாம். அதற்குக் கீழே அவள், ‘2’. அதற்கும் கீழே, அன்று காலையில்: ‘மஞ்சள் நீராட்டு விழா. குறிஞ்சிப்பாடி. மாமன் சீர், 21 தட்டு வேணும் மேம்.’

போனை அப்படியே அவர் முகத்துக்கு முன் நீட்டினேன்.

“நம்ம மதியா?” என்றார்.

“வேற யாரு? அவளுக்கு என்ன ஒம்போது பொண்ணா?”

“எப்பவாம்?”

“எனக்கென்ன தெரியும்? தட்டு கேட்டு வந்ததுலதான் நமக்கே தெரியுது.”

நிறைமதிக்குக் காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வலியில் அவர் கட்டைவிரலைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு பெண் பெரியவளானால் தகவல் முதலில் போகவேண்டியது தாய்மாமனுக்கு. அவர் வந்துதான் மற்றதெல்லாம். அந்த மனிதருக்கு வாடகை விசாரணையில் செய்தி வந்திருக்கிறது. தட்டில் பாதித் தோசை இருக்க, அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

‘ஏன்டி’ என்று ஆரம்பித்துத் தட்டினேன். அழித்தேன். இது தொழில் நம்பர். அவளே மேம் என்கிறாள், நான் எதற்கு இறங்கிப் போகவேண்டும்?

‘மிக்க மகிழ்ச்சி மேம். மயில் செட்டா, தாமரை செட்டா?’

‘மயில் மேம்.’

‘நல்ல தேர்வு மேம்.’

‘நன்றி மேம்.’

பதினாலு வருஷமாக என் சமையலில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லிவந்தவள், என்னைப் பார்த்து நன்றி என்கிறாள். எனக்குக் கை கூசியது. இருந்தாலும் கடைக்காரியாக நான் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி இருந்தது. அதை எல்லாக் கஸ்டமரிடமும்தான் கேட்கிறேன்.

‘போர்டில் என்ன பெயர் போடவேண்டும் மேம்?’

அவள் எழுதுவது தெரிந்தது. நின்றது. மறுபடி எழுதினாள்.

‘நிறைமதி.’

‘தாய்மாமன் பெயர் மேம்?’

எழுதினாள், நிறுத்தினாள், எழுதினாள். நான் பசைப் புட்டியை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் வந்தது: ‘அப்புறம் சொல்றேன் மேம்.’

சாயங்காலம் எழிலனிடம் சொன்னேன். “பொண்ணு பேரு குடுத்துட்டா. மாமன் பேரு அப்புறமாம்.”

“சரி.”

“என்ன சரி? வேற எவன் பேரையாவது குடுத்தா, நீங்களே வெட்டி எடுத்தாருவீங்களா?”

“கஸ்டமர் என்ன சொல்றாங்களோ அதத்தான் வெட்டணும் செல்வி” என்று சொல்லிவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினார். செய்தியில் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

நாள் போய்க்கொண்டிருந்தது, பெயர் வரவில்லை. அதற்குப் பதிலாகச் செந்தமிழ்செல்வன் வந்தான். எழிலனின் பெரியப்பா மகன், பெண்ணாடத்தில் இருக்கிறான். அவன் நல்லவன்தான், ஆனால் எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளத் தெரியாது. புது நம்பரில் அவன் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கீழே, ‘குறிஞ்சிப்பாடி மாமன் ரெடி.’

எனக்குக் கண்மண் தெரியவில்லை. எழிலன் குளித்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதற்குள் பதில் போட்டுவிடவேண்டும் என்று தோன்றியது. மெழுகுவர்த்திப் படம் தேடக்கூட நேரமில்லை, கையில் கிடைத்த மயில் தட்டுப் படத்தின் மேலேயே அடித்தேன்: ‘கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது சிலர் மாமனை வாடகைக்குத் தேடுகிறார்கள். எங்களிடம் தட்டு மட்டுமே வாடகைக்கு. மாமன் வாடகைக்கு இல்லை!’

போட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். திரும்பி வருவதற்குள் போன் துடித்துக்கொண்டிருந்தது.

‘சூப்பர் விளம்பரம் மேம்!’ என்றது ஒன்று. ‘மாமனுக்குத் தனி ரேட்டா?’ என்று ஒரு குறும்புக்காரர். லலிதாம்பிகை மாமி, ‘இந்தத் தடவை எனக்கில்லைன்னு நன்னாத் தெரியறது. யாருக்கும்மா?’ என்று ஆவலாகக் கேட்டிருந்தார்.

எல்லோரும் கஸ்டமர்கள். இரண்டு பச்சைப் பொத்தான்களில் தப்பானதை அமுக்கியிருக்கிறேன். அழிக்கப் போனேன். பார்த்தவர்கள் வரிசையில் முதல் ஆளாக ‘அருள் நாத்தனார்’ இருந்தாள். இதயம் வரவில்லை. அவ்வளவுதான், தட்டு ஆர்டரும் போச்சு, மாமன் உரிமையும் போச்சு, என் வாயாலேயே எல்லாவற்றையும் முடித்துவைத்தேன் என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மெசேஜ் வந்தது.

‘அண்ணி, இது எனக்குத்தான?’

ஊரே கேட்ட கேள்விதான். முதல்முறையாகக் கேட்கவேண்டியவள் கேட்டிருக்கிறாள். நான் எழுதவில்லை, போன் போட்டேன்.

“ஆமாண்டி, ஒனக்குத்தான்! ஒனக்கேதான்! பெத்த பொண்ணு பெரியவளானதுக்கு மாமனுக்கு ஒரு வார்த்த சொல்ல வக்கில்ல, தட்டு கேக்குறியா தட்டு?”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. “அப்பாடா” என்றாள்.

“என்னாடி அப்பாடா?”

“இத்தினி நாளா ரோசாப்பூவும் காலை வணக்கமுமா போட்டீங்களே அண்ணி. ஒரு வார்த்த கூடத் திட்டல. சரி, நம்பள மொத்தமா கை கழுவிட்டாங்கன்னு நெனச்சுட்டேன்.”

“அதுக்குன்னு சொல்லாம இருப்பியா?”

“யாரு சொல்லல?” அவள் குரல் உடைந்தது. “மதி உக்காந்த அன்னிக்கு மொதல்ல ஒங்களுக்குத்தான் போட்டேன். அண்ணன்தான் போன் பண்ணாதன்னு சொல்லிடுச்சு. அதனால ஒங்களுக்கு, ‘அண்ணி, மதி பெரியவளாயிட்டா, அண்ணன வரச் சொல்லுங்க’ன்னு போட்டேன். அடுத்த செகண்டு நீங்க என்ன போட்டீங்க? வணக்கம் மேம், வாழ்த்துகள், வாடகைக்கு ஒண்ணு, போட்டோவுக்கு ரெண்டுன்னு போட்டீங்க. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? அழுதுட்டு அத அழிச்சுட்டேன். சரி, கஸ்டமர்னா கஸ்டமராவே இருந்துட்டுப் போறோம்னு ரெண்டு போட்டேன்.”

முன்னறை முழுக்க மயில்கள். ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை.

“அடியே, அது நானில்லடி. அது தானா போறது. எவன் மெசேஜ் போட்டாலும் போவும். எழுதி வெச்சதே ஒங்கண்ணன்தான்!”

“அண்ணனா?”

“பின்ன? மேம் சார்னு பன்னீர் தெளிக்கிற புத்தி எனக்கு வருமா?”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான். செந்தமிழ்செல்வன் விஷயத்தைக் கேட்டேன். மாமன் இல்லாமல் சீர் எப்படி என்று அவள் மாமியார்தான் அவனிடம் ஜாடையாகச் சொல்லிவைத்தாராம். அவன் வேட்டியே எடுத்துவிட்டான். “அவன் பேர போர்டுக்குக் குடுக்க எனக்குக் கையே வரல அண்ணி. நீங்களா கேப்பீங்க, ‘எங்கடி ஒங்கண்ணன் பேரு’ன்னு சண்டைக்கு வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். நீங்க மேம் மேம்னே பேசினீங்க.”

குளித்துவிட்டு வந்த எழிலனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். ரொம்ப நேரம் துவட்டினார். துண்டு முகத்தைவிட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் காலையில் அருள்மொழியும் பழனிவேலும் வந்து நின்றார்கள். அவள் கையில் தட்டு. ஜரிகை இல்லை, முத்து இல்லை, சாதா எவர்சில்வர். அதில் வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். வாழைப்பழத்துக்கு நிறைய இடமிருந்தது. இருபத்தொரு மயில்களுக்கு நடுவே வந்து அதை அண்ணன் கையில் கொடுத்தாள்.

“அண்ணா, மதிக்கு நீதான் வந்து எல்லாம் செய்யணும்.”

“அதான் வரேன்ல, அழுவாத” என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

பழனிவேல் தொண்டையைச் செருமினான். “மச்சான், பத்திரிகைல உங்க பேரு வுட்டது என் தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க.”

“வுடு மாப்ள. போய் ஒக்காரு.”

அவர்களுக்குக் காப்பி போட்டுக்கொடுத்துவிட்டு எனக்குத் தொழில் ஞாபகம் வந்தது. விழா நாளை மறுநாள். போர்டு வெட்டவில்லை. முகூர்த்த மாசத்தில் அந்தக் கடையில் மிஷின் கிடைப்பது லேசில்லை.

“ஏங்க, போர்டு என்னாவறது? மொதலாளிகிட்ட இப்பவே சொல்லி வெய்யுங்க.”

எழிலன் வெளியே போனார். பைக் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் போர்டு. ‘செல்வி நிறைமதி மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர், அன்புடன் எழிலன்.’ ஓரத்தில் மயில் வைத்து, யாருக்கும் வெட்டாத அளவுக்கு இழைத்து வெட்டியிருந்தார்.

“எப்ப வெட்டுனீங்க இத?” என்றேன்.

“மாமன் பேரு அப்புறமாம்னு வந்து சொன்னியே, அதுக்கு மறுநாளு.”

“கஸ்டமர் சொல்றதத்தான் வெட்டணும்னீங்க. அவ வேற பேரச் சொல்லியிருந்தா?”

அவர் எழுத்து இடுக்கில் தங்கியிருந்த மரத்தூளை ஊதினார்.

“மிஷின் ரிப்பேருன்னு சொல்லியிருப்பேன்” என்றார்.